காமிராவும் கண்ணோட்டமும்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திர சம்பந்தமான கட்டுரை ஒன்று வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றைப் பற்றி எழுத நம்மினும் கற்றறிந்த பெரியோர் இக்காலனியிலேயே பலர் உளர். நாமோ பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு ஆபீஸில் இருபது ஆண்டுகளாகக் கணக்கேட்டைப் புரட்டி வருகிறோம். ஆகவே, நம் மனத்தைச் சென்ற ஓராண்டாக உறுத்திவரும் ஒரு பொருளைப் பற்றியே எழுதுவதென்று துணிந்தோம். அறிமுகமற்ற ஒருவரைத் தெருவிலே படம் பிடிப்பது பற்றிய சரித்திரமே அது.

சென்ற ஆண்டு மலரின் அட்டையை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் ரயில் நிலையத்தின் வாசலில் அமர்ந்து பூட்சுகளுக்குப் பாலிஷ் போடும் முதியவரின் படம் அது. கீழே ‘உழைப்பே உயர்வு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். படம் எடுத்ததும் நாமே, வாசகம் எழுதியதும் நாமே. மேம்பாலத்தின் மீது நின்று, அவர் அறியாவண்ணம் கைப்பேசியினால் எடுத்தோம். விழாவில் பலரும் பாராட்டினர். நாமும் மகிழ்ந்து, மறுநாள் மலரின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அம்முதியவரிடம் சென்றோம். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: “பாபுஜி, இதில் என் தலைப்பாகைதான் தெரிகிறது. முகம் எங்கே? கீழே எழுதியிருக்கிறீர்களே, அது என் பெயரா?”

அது அவருடைய பெயர் அன்று. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக நம் பூட்சுகள் அவர் கையினால்தான் பளபளத்து வந்தன. அவருக்கு விடை சொல்ல முடியாமல் வீடு திரும்பினோம். அன்றுமுதல் இப்பொருளைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தோம். படித்ததன் சாரத்தை ஈண்டுத் தருகிறோம்.

வியப்பு யாதெனில், புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று சரித்திரம் அறிந்த இருவரில் ஒருவரும் பூட்சு துடைப்பவரே. 1838-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தாகேர் என்பவர், தம் வீட்டுச் சாளரத்திலிருந்து ‘புல்வார் து தாம்ப்ளே’ என்னும் தெருவைப் படம் எடுத்தார். வெள்ளி பூசிய தகட்டில் பிம்பம் பதிவதற்கு அக்காலத்தில் பல நிமிஷங்கள் பிடித்தன. தெருவில் வண்டிகளும் ஜனங்களும் சென்றிருக்கவேண்டும். ஆனால் அசைந்தவை எவையும் தகட்டில் பதியவில்லை. தெருவோரத்தில் ஒருவர் மட்டும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பூட்சுக்குப் பாலிஷ் போடுவித்துக்கொண்டு நின்றார். நின்றமையால் அவர் பதிந்தார். அவர் காலடியில் குனிந்து வேலை செய்தவர் கை அசைந்தமையால் கலங்கிய நிழலாகத் தெரிகிறார். இருவர் பெயரும் இன்றளவும் எவருக்கும் தெரியாது. தம்மை ஒருவர் படம் எடுத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்நியரைத் தெருவில் படம் எடுக்கும் வழக்கம் இவ்வாறு புகைப்படக் கலையின் பிறப்போடேயே பிறந்துவிட்டது.

தாகேரின் முறை 1839-இல் உலகிற்கு வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அக்கருவி நம் நாட்டிற்கும் வந்தது. 1854-இல் பம்பாயிலும், 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. வைஸ்ராயாக இருந்த கானிங் பிரபுவும் அவர் மனைவியாரும் இந்நாட்டு மக்களின் படங்களை நினைவுப் பொருளாகச் சேகரிக்க விரும்பினர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு அவ்விருப்பம் சர்க்கார் காரியமாக மாறிற்று. ஆளப்படும் மக்களை வகை பிரித்து அறிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதன் பயனாக, 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்புடன் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. ஃபோர்ப்ஸ் வாட்ஸன், ஜான் கே ஆகிய இருவரும் அவற்றின் பதிப்பாசிரியர்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அவற்றில் உள்ளன.

அப்படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். சாதியின் பெயரும் இனத்தின் பெயரும் ஊரின் பெயரும் கீழே காணப்படுகின்றன. இவர்கள் நம்பத்தக்கவர்கள், இவர்கள் முரடர்கள், இவர்கள் வஞ்சகர்கள் என்ற முறையில் குறிப்புகளும் உள்ளன. ஒரு மனிதனை உட்காரவைத்துப் படம் எடுத்து, அவனுடைய கூட்டத்தார் அனைவருக்கும் அப்படத்தைக் கொண்டே குணம் கற்பித்துவிட்டார்கள். பின்னாளில் அலிகாரில் கல்லூரி நிறுவிய சையத் அகமத்கான், 1869-இல் லண்டன் சென்றிருந்தபோது இந்தியா ஆபீஸில் இத்தொகுதிகளைக் கண்டார். தம் நாட்டார் இவ்வாறு காட்டப்பட்டிருப்பது கண்டு மனம் நொந்தார். உடனிருந்த அவர் மகன், அங்கு வந்த ஆங்கில இளைஞன் ஒருவனிடம் தான் இந்தியன் என்று ஒப்புக்கொள்ளவும் கூசினான் என்பர். ஒரு படம் அதில் இருப்பவனை மட்டுமன்றி அவனைச் சேர்ந்தோரையும் தலைகுனியச் செய்யவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அத்தொகுதிகளுக்குப் படம் அளித்தவர்களுள் ஹூப்பர் என்ற சென்னைப் படை அதிகாரியும் ஒருவர். அவர் கதையைத் தமிழராகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம். நம் பாட்டிமார் வாயிலாகத் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் இராது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். அப்போது ஹூப்பர், எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படங்கள் எடுத்தார். விலாவெலும்புகளை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிவான படங்கள் அவை. படம் எடுத்து முடித்தபின் அவர்களுக்கு உணவோ உதவியோ அளிக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அத்துடன் அவர் கதை முடியவில்லை. 1886-இல் பர்மாவில் மாண்டலே நகரில் அவர் படைக் காவல் தலைவராக இருந்தார். மரண தண்டனை பெற்ற பர்மியர்கள் சுடப்படும் கணத்தைப் படம் எடுப்பதற்காக, சுடும் உத்தரவையே தம் காமிராவுக்கு ஏற்பத் தாமதப்படுத்தினார் என்ற புகார் எழுந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் செய்தி வந்தது, பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, அவர் கண்டிக்கப்பட்டார். ஆள்வோரின் நாட்டிலேயே மனச்சாட்சி உள்ளவர்கள் அதைப் பொறுக்கவில்லை என்பதை நாம் நன்றியுடன் குறிக்கவேண்டும்.

நிற்க. தாது வருஷப் படங்களால் நன்மையே விளையவில்லையா என்று நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தகைய படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் 1877-இல் லண்டன் பத்திரிகைகளில் வெளிவந்தன. அங்கே பொதுமக்கள் நிதி திரட்டி அனுப்பினர். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்து நிவாரணத்துக்கு உழைத்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தைப் பற்றி 1878-இல் வெளியிட்ட நூலில் இப்படங்களை ஆதாரமாகக் காட்டினார். ஆகவே, துன்பத்தைப் படம் எடுப்பதே தவறு என்று கூறுவதற்கில்லை.

இதனை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் இன்னும் தெளிவாக்குகிறது. சுமார் முப்பது லட்சம் மக்களைப் பலி கொண்டது அது. கல்கத்தாவின் நடைபாதைகளில் மக்கள் விழுந்து மடிந்தனர். யுத்த காலத் தணிக்கை உண்மையை மூடி வைத்தது. அப்போது ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இயன் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1943 ஆகஸ்டு 22-ஆம் தேதி அந்நடைபாதைக் காட்சிகளைப் படங்களாக அச்சிட்டார். டில்லியும் லண்டனும் அதற்குமேல் கண்ணை மூடிக்கொள்ள இயலவில்லை. சுனில் ஜானா என்ற இளைஞரும் வங்கக் கிராமங்களில் சுற்றிப் பல படங்கள் எடுத்து உலகறியச் செய்தார். பசி ஒன்றுதான், காமிராவும் ஒன்றுதான். வேறுபட்டது எடுத்தவரின் நோக்கம். ஒருவர் காட்சியைச் சேகரித்தார், மற்றவர் சாட்சி கூறினார்.

இதுகாறும் கூறியவை பெரிய காமிராவும் பெரிய உத்தியோகமும் உடையவர்களின் கதை. 1888-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவர் ‘கோடக்’ காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்குரிய சுருளுடன் கையில் அடங்கும் பெட்டி. விசையை அழுத்தினால் போதும், மற்ற வேலைகளைக் கம்பெனியே பார்த்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் யாரையும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. ஜனங்கள் அஞ்சினர். 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வக்கீல்கள், தனிமனிதனைத் தனியே இருக்கவிடும் உரிமையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை ஹார்வர்டு சட்டப் பத்திரிகையில் எழுதினர். நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் அதற்கு ஒரு காரணம் என்று அதில் வெளிப்படையாகக் கூறினர்.

அவர்கள் அச்சம் வீண் போகவில்லை. நியூயார்க் மாகாணத்தில் ஓர் இளம் பெண், தன் முகம் கோதுமை மாவு விளம்பரத்தில் இருபத்தையாயிரம் பிரதிகளாக ஊரெங்கும் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டாள். எவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தால் நோயுற்ற அவள் வழக்குத் தொடுத்தாள். 1902-இல் மேல் நீதிமன்றம் அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லை என்று தள்ளிவிட்டது. ஊரார் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே, எழுத்து மூலமான சம்மதமின்றி ஒருவர் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று அம்மாகாணம் சட்டம் இயற்றியது. தோற்ற வழக்கு பிறருக்குச் சட்டத்தைப் பெற்றுத் தந்தது.

இனி, பெயர் கேட்ட ஒருவரையும் கேட்காத ஒருவரையும் பற்றிக் கூறுவோம். இருவரும் நல்லவர்களே.

முதல்வர் லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் அமெரிக்காவின் நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படம் எடுத்தார். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், பைபிள் விற்பவராகவும் வேறு வேடங்களிலும் நுழைந்தார். ஆயினும் குழந்தைகளை அவர் வெறும் காட்சியாகக் கருதவில்லை. பெயர், வயது, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்னரே அளந்து வைத்திருந்து, அதைக்கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார். அவர் எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அக்குறிப்புகளுடன் இன்றும் காக்கப்படுகின்றன. குழந்தை உழைப்பைத் தடுக்கும் தேசியச் சட்டம் அந்நாட்டில் 1938-இல் நிலைபெற்றது. அதற்கு மக்கள் மனத்தைப் பதப்படுத்தியவற்றுள் அப்படங்களும் சேர்ந்தவை.

மற்றவர் டாரதியா லாங் என்னும் அம்மையார். 1936 மார்ச்சு மாதத்தில் சர்க்கார் வேலையாகக் கலிபோர்னியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் ஒன்றை வழியில் கண்டார். நெடுந்தூரம் கடந்து சென்ற பின், மனம் கேளாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கூடாரத்தின் கீழ்க் குழந்தைகளுடன் அமர்ந்திருந்த முப்பத்திரண்டு வயதுத் தாய் ஒருத்தியைச் சில படங்கள் எடுத்தார். பெயர் கேட்கவில்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அப்படத்தை அறியும். பத்திரிகையில் வந்ததும் சர்க்கார் சுமார் 9,000 கிலோ உணவுப் பொருள் அம்முகாமுக்கு அனுப்பிற்று. ஆனால் அத்தாயும் அவள் மக்களும் அதற்குள் பிழைப்புத் தேடி வேறிடம் போய்விட்டனர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1978-இல், பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைக் கண்டறிந்தார். அவர் பெயர் ஃப்ளாரென்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். செரோக்கி என்னும் அமெரிக்க ஆதிகுடியிற் பிறந்தவர். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் வருத்தத்துடன் கூறினார். லாங் அம்மையாரும் அப்படத்தால் செல்வம் சேர்த்தவரல்லர். அது சர்க்கார் உடைமை. அவர் எண்ணமும் தூயது. ஆயினும், உலகெங்கும் வறுமையின் உருவமாகத் தன் முகம் தொங்குவதை நாற்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, தன் பெயர் மட்டும் அதில் இல்லாமல் வாழ்வது எத்தகைய பாரம்! 1983-இல் தாம்ஸன் நோயுற்றபோது, அவர் மக்கள் விடுத்த வேண்டுகோளுக்கு நாடெங்கிலுமிருந்து பணமும் கடிதங்களும் குவிந்தன. பெயர் தெரிந்த பிறகே உலகம் அவருக்கு உதவ முடிந்தது.

நம் சரக்கு ஆபீஸில், அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் இன்றி ஒரு வெங்காய மூட்டையைக்கூட ஏற்றுக்கொள்ளமாட்டோம். மூட்டைக்கே இவ்வளவு விதி இருக்க, மனிதர் முகத்தைப் பெயர் கேளாமல் எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்!

இக்காலத்தில் நம் காலனியில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. ஒவ்வொருவர் பையிலும் ஒரு காமிரா. குழாயடியில் குளிப்பவர், பிளாட்பாரத்தில் உறங்குபவர், சிக்னலில் கையேந்தும் குழந்தை ஆகிய யாவரும் நொடியில் படமாகி, மறுநொடியில் ஊர் ஊராகப் பறக்கின்றனர். தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கக் கைகள் போதாமலும், படம் எடுக்கக் கைகள் மிகுந்தும் இருந்ததை இவ்வூரிலேயே நாம் கண்டோம். ஜி.டி. எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் நெருக்கியடித்து வேலைக்குச் செல்லும் கூலிகளின் படங்களும் கேலி வாசகங்களுடன் நம் வீட்டுக் கைப்பேசிகளுக்கு வருகின்றன. நம் முன்னோரும் ஒரு நாள் அத்தகைய பெட்டியில் டிரங்குப் பெட்டியும் கூஜாவுமாக இவ்வூர் வந்து இறங்கியவர்களே.

சட்டம் என்ன கூறுகிறது? நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்தை எடுத்தவரையே அதன் படைப்பாளராகக் கொள்கிறது. எடுக்கப்பட்டவருக்கு அதில் பங்கில்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். ஆயினும் தெருவில் நடக்கும் ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் நீதிமன்றம் ஓடிவர இயலாது. அங்கே நம் மனமே நீதிபதி.

சரித்திரம் கற்பித்தவற்றுள் சிலவற்றை நம் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, இயன்றவரை கேட்டு எடுக்கவேண்டும். மொழி தெரியாவிடின் காமிராவைக் காட்டிப் புன்னகை செய்தால் போதும். தலையசைத்தால் எடுக்கலாம், கையசைத்தால் கும்பிட்டு நகர்ந்துவிட வேண்டும். இரண்டாவது, உறங்குபவர், நோயாளி, அழுபவர், குளிப்பவர் ஆகியோர் மறுக்கும் நிலையில் இல்லாதவர்கள். அவர்களை விட்டுவிட வேண்டும். குழந்தையாயின் பெற்றோரைக் கேட்கவேண்டும். மூன்றாவது, அநீதியையோ ஆபத்தையோ வெளிப்படுத்த எடுக்க நேரலாம். அப்போதும் உதவும் கை முதலில், காமிரா பிறகு. நான்காவது, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அச்சிடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, நம் தாயோ தந்தையோ அவ்விடத்தில், அக்கோலத்தில், அவ்வாசகத்துடன் அச்சில் வந்தால் நாம் பொறுப்போமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இந்த ஐந்தாவதை எண்ணியிருந்தால் மற்ற நான்கும் நமக்குத் தேவைப்பட்டிரா.

திருவள்ளுவர் ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நூலில் அது ஐம்பத்தெட்டாவது. பிறர்மேல் கண் சென்றவுடன் உள்ளத்தில் இரக்கம் சுரப்பதற்கு நம் மொழி வைத்த பெயர் அது. அதனை அடுத்த அதிகாரம் ‘ஒற்றாடல்’, அதாவது வேவு பார்த்தல். கண்ணோட்டத்துக்கும் வேவுக்கும் இடையே ஓர் ஏடுதான் உள்ளது போலும்! மேம்பாலத்தின்மீது நின்று நாம் செய்தது இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதை இப்போது அறிகிறோம்.

இறுதியாக ஒரு செய்தி. இவ்வாண்டு மலருக்காக அம்முதியவரிடம் மீண்டும் சென்றோம். சென்ற ஆண்டுத் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, பெயர் கேட்டு, படம் எடுக்கலாமா என்றும் கேட்டோம். “ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் பாபுஜி, சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு வருகிறேன்” என்றார். பேரனையும் அழைத்துவந்தார். பாலிஷ் பெட்டியை மறைத்துவிடவா என்று கேட்டோம். “வேண்டாம், அது பக்கத்தில் இருக்கட்டும். சோறு போட்ட பெட்டி. ஆனால் நான் குனிந்து உட்காரமாட்டேன், நிற்கிறேன்” என்றார். நின்றார். அப்படம் இம்மலரில் உள்ளது. அதன் கீழ் வாசகம் எதுவும் இல்லை, அவர் பெயர் மட்டும் உண்டு. அச்சேறுவதற்குமுன் அவரிடம் காட்டி, எழுத்துப் பிழை இல்லை என்று பேரனைக்கொண்டு படித்துச் சொல்லச் செய்தோம்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குச் செல்லும் அன்பர்கள், பூட்சைக் கழற்றிக் கொடுக்குமுன் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார்களாக. அதுவே இக்கட்டுரைக்கு நாம் வேண்டும் சன்மானம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!